இசட்.எஃப்.எஸ் பூலில் புது டிஸ்க் சேர்க்க ஒரு வரி கமாண்ட் போதுமா?

போதும். ஆனால் பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக (பூல்) ஆக்கும் இந்தக் கோப்பு முறைமையில் தப்பான வரியை அடித்துவிட்டால் திரும்பி வர வழி இல்லாமல் போகலாம். உங்களிடம் மூன்று நான்கு டிஸ்க்கில் ஒரு ரெய்டு-இசட்1 பூல் (ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்கும் அமைப்பு) இருக்கிறது, இடம் நிறைந்துவிட்டது, புது டிஸ்க் ஒன்று கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 'இசட்பூல் ஆட்' கமாண்ட் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு சர்வர் வேலை பார்க்கிறேன். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு, "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, வந்து பாருங்க சார்" என்று கூப்பிட்டார்கள். பூலின் நிலையைக் காட்டும் 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' போட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நான்கு 4 டிபி டிஸ்க் ரெய்டு-இசட்1 ஆக ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே, அதே மட்டத்தில், துணையே இல்லாமல் ஒரு 8 டிபி டிஸ்க். எனக்கு முன்னால் பார்த்தவர் அதை ஆட் செய்திருக்கிறார். பூல் ரெய்டு-இசட், இதுவோ ஒற்றை டிஸ்க், பொருந்தாது என்று இசட்.எஃப்.எஸ் மறுத்திருக்கும். மறுப்பை மீறும் மைனஸ் எஃப் (-f) போட்டுத் திணித்திருக்கிறார்.

இது ஏன் ஆபத்து? பூல் என்பது வீடெவ்களின் தொகுப்பு; ஒரு தனி டிஸ்க்கோ ஒரு டிஸ்க் குழுவோ ஒரு வீடெவ். எழுதுவதை எல்லா வீடெவ்களுக்கும் பிரித்துப் போடும், காலி அதிகம் உள்ளதற்குக் கூடுதலாகப் போடும். அந்தச் சீசனின் கல்யாணங்களில் பெரும்பகுதி அந்த ஒற்றை டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருந்தது. வேகம் குறைந்ததும் அதனால்தான். அது ஒன்று செத்தால், ரெய்டு-இசட் பக்கம் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் மொத்தப் பூலும் போய்விடும்.

'இசட்பூல் ரிமூவ் போட்டு எடுத்துவிடலாமே' என்று இங்கேயே சிலர் எழுதுவார்கள். 2019-இல் வந்த 0.8 பதிப்பிலிருந்து லினக்ஸில் அந்த வசதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூலில் மேல்மட்டத்தில் ஒரு ரெய்டு-இசட் இருந்தால் செல்லாது. எனவே இன்னொரு 8 டிபி டிஸ்க் வாங்கி, 'இசட்பூல் அட்டாச்' மூலம் அந்த ஒற்றை டிஸ்க்கோடு சேர்த்து மிரர் (ஒன்றின் நகல் மற்றதில்) ஆக்கினேன். ரீசில்வர், அதாவது புது டிஸ்க்குக்கு டேட்டா நகலாவது, முடிந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால், முதலாளியின் ஏற்காடு வீட்டில் இருந்த மெஷினைக் கீழே இறக்கி, எல்லாவற்றையும் அதற்கு அனுப்பி, ஸ்க்ரப் ஓட்டிச் சரிபார்த்து, பழைய பூலை அழித்து மறுபடி கட்டினோம். பேக்கப் இருந்தால் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: பேக்கப் இருந்தது, பாதியோடு. எடிட்டிங் நெருக்கடியில் இருக்கும் பல ஸ்டுடியோக்களில் நிலைமை அதுதான்.

இந்த வேலைக்குக் கூலி கேட்டபோது வந்த பதில், "ஒரு வரி டைப் பண்றதுக்கு இவ்வளவா?" டிஸ்க்குக்கு மறுபேச்சில்லாமல் பணம் கொடுப்பவர்கள், அதை எங்கே செருகுவது என்று தெரிந்தவனுக்குக் கொடுக்க மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்? உங்களைச் சொல்லவில்லை. ஆனால் சேலத்தில் இந்த வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

சரி, உங்கள் விஷயம். ஓப்பன் இசட்.எஃப்.எஸ் 2.3 (2025 ஜனவரி) அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், ரெய்டு-இசட் வீடெவ்வோடேயே 'அட்டாச்' மூலம் ஒரு டிஸ்க் சேர்க்கலாம். இருக்கிற டிஸ்க்குகளை விடச் சின்னதாக இருக்கக் கூடாது. பாரிட்டி (டிஸ்க் செத்தால் மீட்பதற்கான கூடுதல் டேட்டா) அளவு மாறாது, ஏற்கெனவே எழுதிய கோப்புகளும் பழைய விகிதத்திலேயே இருக்கும். ஆகவே கணக்குப் போட்டதைவிட இடம் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழைய பதிப்பாக இருந்தால், இன்னும் சில டிஸ்க் சேர்த்து முழு ரெய்டு-இசட் வீடெவ்வாகவே ஆட் செய்யுங்கள். டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறக்கூடும், மாறாத பை-ஐடி (by-id) பெயரையே கொடுங்கள். ஆட் அடிக்கும் முன் மைனஸ் என் (-n) சேர்த்து ஒருமுறை ஓட்டினால், எதையும் மாற்றாமல் பூல் எப்படி ஆகப்போகிறது என்று காட்டும். அதில் உங்கள் டிஸ்க் ரெய்டு-இசட் வரியின் அதே மட்டத்தில் தனியாக நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். மைனஸ் எஃப் வேண்டவே வேண்டாம்.

ஸ்டேட்டஸ் வெளியீட்டையும் பதிப்பு எண்ணையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், உங்களுக்கான சரியான வரியை எழுதித் தருகிறேன்.