இரண்டு ஆண்டுகளாக மேளம் இல்லை: நகையை விற்பதா, பள்ளிக் கட்டணத்திற்குக் குழுக் கடன் வாங்குவதா?

கேள்வி (திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி, அக்டோபர் 2021):

என் கணவர் தவில் கலைஞர். கொரோனா வந்த நாளிலிருந்து கோயில் திருவிழாவும் இல்லை, பெரிய கல்யாணங்களும் இல்லை. அவர் இப்போது வயல் வேலைக்குப் போகிறார், நான் ரவிக்கை தைக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 11,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 6,500, மகளிர் குழுக் கடன் தவணை 2,200. சென்ற அக்டோபரில் ஒரு நான்கு பவுன் ஆரத்தையும் இரண்டு பவுன் வளையல்களையும் அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைத்து 1,50,000 ரூபாய் வாங்கினோம். ஒரு மாத வட்டிகூடக் கட்டவில்லை. கூட்டுறவு வங்கியில் வேறு நான்கு பவுன் அடகில் இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு, இருவரும் தனியார் பள்ளி, ஆளுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் கட்டணம். சென்ற ஆண்டு இருவருக்குமாக 24,000 மட்டுமே கட்டினோம். பள்ளியில் முழுத் தொகையும் கேட்கிறார்கள். குழுக் கடன் நிறுவனம் இன்னும் 60,000 தருவதாகச் சொல்கிறது. உறவினர் ஒருவர் எங்கள் மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலத்தை ஒத்திக்குக் கேட்கிறார்; பணம் தந்து, அதைத் திருப்பும் வரை நிலத்தை அவரே பயிரிட்டுக்கொள்வார். நகை மகளுக்கென்று சேர்த்தது, விலை ஏறும், விற்கக் கூடாது என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில் (விலைகளும் விதிகளும் அக்டோபர் 2021 நிலவரப்படி):

அன்புள்ள சகோதரிக்கு, சித்திரைத் தேரோட்டமும் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைவிட்டுப் போன ஒரு மேளக்காரர் குடும்பம், வீட்டுச் செலவைச் சுருக்கி, குழுத் தவணையையும் தவறாமல் கட்டிவருகிறது என்பதே உங்கள் கடிதத்தில் நான் முதலில் கண்டது. உங்கள் கடன் ஊதாரித்தனத்தால் வந்ததன்று. ஆகவே வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

எல்லாவற்றிலும் அவசரமானது அடகுக் கடைக் கடன். இரண்டு வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. அசலும் ஓராண்டு வட்டியுமாக இன்று நீங்கள் கொடுக்க வேண்டியது 1,86,000 ரூபாய். நீங்கள் அடகு வைத்தபோது பவுன் விலை 38,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. இப்போது 35,000 ரூபாய் அளவில் நிற்கிறது. பழைய நகையை விற்கும்போது தேய்மானமும் கழிவுமாக ஐந்து விழுக்காடு போகுமென்று வைத்துக்கொண்டால், ஆறு பவுனுக்கும் ஏறத்தாழ 2,00,000 ரூபாய் கிடைக்கும். இடையில் மிஞ்சுவது 14,000 ரூபாய்தான். இன்னும் ஐந்து மாதம் பேசாமல் இருந்தால் அதுவும் வட்டிக்குப் போய், மாசி மாதத்தில் ஆறு பவுனும் கடைக்காரருக்கே சொந்தம் என்ற நிலை வந்துவிடும்.

விலை ஏறும் என்று உங்கள் கணவர் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. 2020 ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஆறு பவுனுக்கு ஆண்டு வட்டி 36,000 என்றால் பவுனுக்கு 6,000 ரூபாய். அதாவது, ஒவ்வோர் ஆண்டும் பவுன் விலை ஆறாயிரம் ரூபாய் ஏறினால்தான் நீங்கள் இன்றிருக்கும் இடத்திலேயே நிற்க முடியும். அடகில் இருக்கும் நகையின் விலையேற்றம் வட்டி வாங்குபவருக்கே பயன்படும்.

என் முடிவான கருத்து இது: ஆரத்தை விற்றுவிடுங்கள், வளையல்களைக் காப்பாற்றுங்கள். நான்கு பவுன் ஆரம் கழிவு போக 1,33,000 ரூபாய் தரும். இரண்டு பவுன் வளையல்களை வங்கியில் வைத்தால், மதிப்பில் 75 விழுக்காடு என்ற கணக்கில் 52,500 ரூபாய் கிடைக்கும். (சென்ற ஆண்டு கொரோனாவை முன்னிட்டு 90 விழுக்காடு வரை தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அளித்த சலுகை கடந்த மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது.) இரண்டும் சேர்ந்தால் 1,85,500; அடகுக் கடன் அநேகமாக முழுவதும் தீர்ந்துவிடும். நிலத்தின் சிட்டா (உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு) இரண்டையும் காட்டி விவசாய நகைக்கடனாகக் கேளுங்கள். ஆண்டுக்கு 7 விழுக்காடு அளவில் கிடைத்தால் வட்டி மாதத்திற்கு 310 ரூபாய்க்குள் அடங்கும். மூவாயிரம் எங்கே, முந்நூறு எங்கே என்று பாருங்கள். அடகை மீட்க முதலில் பணம் வேண்டும் என்பதால், நம்பிக்கையான ஒருவரிடம் ஒரே நாளுக்குக் கைமாற்று வாங்கி, மீட்பது, விற்பது, வங்கியில் வைப்பது ஆகிய மூன்றையும் அன்றே முடித்துவிடுங்கள். ஆரத்தை மட்டும் முதலில் விடுவிக்கக் கடைக்காரர் இசைந்தால் இன்னும் எளிது. எதுவாயினும், கணக்குத் தீர்ந்ததாக ரசீதில் எழுதிக் கையொப்பம் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்.

கூட்டுறவு வங்கியில் இருக்கும் நான்கு பவுனை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் என்று தமிழக அரசு சென்ற மாதம் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறது. தகுதி விதிமுறைகள் வெளிவரும் முன் கடனை மாற்றி வைப்பதோ, இன்னொருவர் பெயரில் புதுப்பிப்பதோ உங்கள் தகுதியைப் பாதிக்கக்கூடும். சங்கச் செயலாளரிடம் கேட்டுவிட்டு எதையும் செய்யுங்கள். தள்ளுபடி உறுதி என்று எண்ணி அந்தப் பணத்திற்குச் செலவு ஒதுக்கவும் வேண்டாம். குழுக் கடன் தள்ளுபடி என்று ஊரில் பேசப்படுவது கூட்டுறவு நிறுவனங்கள் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்த கடனைப் பற்றியது. தனியார் நுண்கடன் நிறுவனத்திடம் வாங்கியதற்கு அது பொருந்தாது.

அந்த நிறுவனம் தருவதாகச் சொல்லும் 60,000 ரூபாயை வாங்காதீர்கள். இத்தகைய கடன்களின் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல். அதைவிட முக்கியமாக, நீங்கள் தவணை தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் பொறுப்பேற்க வேண்டும். இந்த நோய்க்காலத்தில் அக்கம்பக்கத்து உறவே உங்களுக்கு இருக்கும் பெரிய துணை. நிலத்தை ஒத்திக்கு விடுவதும் வேண்டாம். குறுவை, தாளடி என்ற இரண்டு நெல் போகங்களின் வருமானத்தையும் விவசாயக் கடன் பெறும் தகுதியையும் ஒன்றாக இழப்பீர்கள்.

இனி பள்ளி. பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி இது: தனியார் பள்ளிகள் 2020-21க்கு 75 விழுக்காடு கட்டணமே வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சென்ற ஆண்டு உத்தரவிட்டது. இந்த ஆண்டு ஜூலையில் வந்த உத்தரவின்படி, வருமானம் பாதிக்கப்படாதவர்களிடம் 85 விழுக்காடும் பாதிக்கப்பட்டவர்களிடம் 75 விழுக்காடும், ஆறு தவணைகளில் பெறலாம். கட்டணம் கட்டாததற்காகப் பிள்ளைகளை வெளியேற்றக் கூடாது. ஆகவே சென்ற ஆண்டுக்கு உங்கள் பாக்கி 36,000 அன்று, 21,000 ரூபாய்தான். வருமானம் இழந்ததை விளக்கி, உத்தரவைக் குறிப்பிட்டு, தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி நியாயமான கடன்தான். பள்ளி மூடிக் கிடந்த மாதங்களில் அங்கிருந்த ஆசிரியர்களும் அரைச் சம்பளத்திலும் சம்பளமின்றியும் தவித்தார்கள் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

மகளை இந்த ஆண்டு இடம் மாற்ற வேண்டாம். ஒன்பதாம் வகுப்பைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையிலேயே படித்துவிட்டு, செப்டம்பர் 1 முதல்தான் மீண்டும் வகுப்பறைக்குப் போகிறாள். பொதுத்தேர்வு ஆண்டில் ஆசிரியரையும் தோழிகளையும் இழப்பது அவளுக்குப் பெரும் சுமை. இந்த ஆண்டு அவளுக்கு 22,500 ரூபாய், தவணை ஒன்றுக்கு 3,750. உங்களுக்கு மாதம் மிஞ்சும் 2,300 போகக் குறைவது 1,450. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, செலவு போக 15,000 நின்றால் (இந்த அக்டோபர் முதல் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,060, பொது ரகத்துக்கு 2,015 ரூபாய்), அதில் 8,700 ரூபாய் இந்தக் குறையை ஆறு மாதத்திற்கு நிரப்பும். எஞ்சிய 6,300 பழைய பாக்கிக்கு. மீதி 14,700 ரூபாயைத் தாளடி அறுவடைக்குப் பின் தருவதாக அதே கடிதத்தில் எழுதுங்கள். தாளடிச் செலவுக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன் வாங்குங்கள்; தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை.

மகன் விஷயத்தில் என் யோசனை வேறு. அவனை இந்த ஆண்டே அரசுப் பள்ளியில் சேருங்கள். பணம் மிஞ்சும் என்பது ஒரு காரணம் மட்டுமே. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சென்ற ஆண்டு வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு இந்த ஆகஸ்டில் சட்டமாயிற்று. அப்படிச் சேரும் மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். ஆறாம் வகுப்பில் இருக்கும் இந்த ஆண்டைத் தவறவிட்டு ஏழிலோ எட்டிலோ மாற்றினால் அந்தத் தகுதி கிடைக்காது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் நவம்பர் 1 அன்று திறக்க இருக்கின்றன. அதற்குள் சேர்த்துவிட்டால் புது வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து முதல் நாளைத் தொடங்குவான். பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்தால் அஞ்ச வேண்டாம். அரசுப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு அதை உடனே வழங்க வேண்டும் என்றும், சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

கணவர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் தஞ்சாவூரில் உள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். பிள்ளைகளின் கல்விக்கான உதவிகளையும் அங்கே கேளுங்கள். இருவரும் வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு 330 ரூபாய் ஆயுள் காப்பீட்டிலும் 12 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் ரூபாய்க்கானது. சம்பாதிப்பவர் போனபின் கடனோடு நின்ற குடும்பங்களை இந்த மே மாதத்தில் நிறையப் பார்த்தோம்.

ஆரத்தை விற்கும் முன் மகளிடம் நீங்கள் இருவருமாகச் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் புரியும். அவள் பெயரில் சேர்த்த நகை எதற்காக, எவ்வளவுக்குப் போகிறது, வளையல்கள் எந்த வங்கியில் இருக்கின்றன என்பதை அவள் உங்களிடமிருந்தே அறிய வேண்டும்.