ஓட்டுநர் இல்லாத டாக்சியில் ஏறலாமா? அதன் பாதுகாப்பைச் சாதாரண மனிதர் எப்படி மதிப்பிடுவது?

அரிசோனா மாநிலம் பீனிக்ஸில் மகன் வீட்டுக்கு வந்திருப்பதாகவும், வெளியே போகவர ஓட்டுநர் இல்லாத டாக்சியை வரவழைத்துக்கொள்ளும்படி மகன் சொல்வதாகவும், அதை நம்பி ஏறலாமா என்று எதைக் கொண்டு முடிவு செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்பே உங்களுக்குப் பதில் எழுதிய நண்பர் ஒருவர், “ஸ்டியரிங்குக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்களின் அலட்சியத்தால்தான் இந்தக் கார்களுக்குக் கெட்ட பெயர் வந்தது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மனைவிக்கு பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வேலை. எனக்குப் பணி அனுமதி வந்ததும் கிடைத்த முதல் வேலை, தானியங்கி கார் நிறுவனம் ஒன்றுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரின் கீழ், சோதனைக் கார்களில் பாதுகாப்பு ஓட்டுநராக, அதாவது தானாக ஓடும் கார் தவறினால் உடனே கட்டுப்பாட்டை எடுப்பவராக அமர்வது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சேரும்போது கையெழுத்திட்டுக் கொடுத்த தாள்கள் அப்படி. இப்போது அந்தத் துறையில் இல்லை, அந்த நிறுவனத்தின் பங்குகளும் என்னிடம் இல்லை. விளம்பரம் செய்கிறான் என்றோ, வேலை போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்றோ கருத்திட நினைப்பவர்கள், முழுவதும் படித்துவிட்டு எதைச் சொல்வது என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மகனுடைய சொந்தக் கார் நெடுஞ்சாலையில் தானாகத் தடத்தில் ஓடுகிறது என்றால், அது ஓட்டுநருக்கு உதவும் கார். சட்டப்படியும் நடைமுறைப்படியும் ஓட்டுவது உங்கள் மகன்தான். டெஸ்லா நிறுவனமே தன்னுடைய ‘முழுத் தானோட்டம்’ என்ற பெயருக்குப் பின்னால் ‘கண்காணிப்புடன்’ என்ற சொல்லை 2024இல் சேர்த்துக்கொண்டது. ஓட்டுநர் இருக்கை காலியாக வந்து நிற்கும் வேமோ போன்ற டாக்சி வேறு வகை. ஒன்றில் நடந்த விபத்தைக் காட்டி மற்றொன்றைத் திட்டுவதும், ஒன்றின் நற்பெயரை மற்றொன்றுக்குக் கொடுப்பதும் இந்தத் தளத்திலேயே அன்றாடம் நடக்கிறது. உங்கள் கேள்வி டாக்சியைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, ‘இந்தக் கார் பாதுகாப்பானதா’ என்று மொத்தமாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. எந்த ஊரில், எந்தச் சாலையில், எந்தச் சூழ்நிலையில் என்று பிரித்துக் கேட்டால்தான் கிடைக்கும். நேரான, அகலமான, வெயில் காயும் சாலையில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். சாண்ட்லரில் சோதனைகள் தொடங்கியதற்கு அங்குள்ள சாலைகள் மைலுக்கு மைல் சதுரக் கட்டமாகப் போடப்பட்டிருப்பதும், மழை அரிதாக இருப்பதும் முக்கியக் காரணங்கள். அந்தச் சாலைகளிலும் எங்களுக்கு வியர்க்க வைத்தது இடது திருப்பம். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், நம் ஊரில் வலப்பக்கம் திரும்புவது போல, எதிரே வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டுதான் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பச்சை அம்புக்குறி இல்லாத இடத்தில் எப்போது புகுவது என்பதை ஓட்டுபவரே கணித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாலை நேரம். ஆறு தடச் சாலையின் நடுத்தடத்தில், எதிர்ப்புறம் இருந்த கடை வளாகத்துக்குள் திரும்புவதற்காக எங்கள் கார் நின்றது. எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இருந்த சிக்னலில் சிவப்பு விழுந்து, எதிரே வந்த வண்டிகள் வரிசைகட்டி நின்றன. முதல் இரண்டு தடங்களில் நின்றவர்கள் எங்களுக்கு வழிவிட்டு இடைவெளி வைத்திருந்தார்கள். பெரிய பிக்கப் வண்டியில் இருந்தவர் கையை வீசி, போ போ என்று சைகை காட்டினார். பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது. எங்கள் கார் அசையவில்லை. அந்தக் கைவீச்சுக்கு அதன் கணக்கில் இடமே இல்லை என்று எண்ணி, நானே ஓட்டி முடித்துவிடலாம் என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போன நேரத்தில், பிக்கப் வண்டி மறைத்துக்கொண்டிருந்த மூன்றாவது தடத்தில், காலியாகக் கிடந்த சாலையில் வேகம் குறைக்காமல் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது. காருக்கு அந்த மோட்டார் சைக்கிள் தெரிந்திருக்கவில்லை. திரையில் பிக்கப்புக்குப் பின்னால் இருந்த பகுதி வெறும் இருட்டாகத்தான் இருந்தது. தனக்குத் தெரியாத இடத்தில் யாரோ வரக்கூடும் என்று வைத்துக்கொண்டு அது நின்றிருந்தது. கையை வீசிய அந்த நல்ல மனிதருக்கும் பக்கத்துத் தடம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதை மட்டும் எழுதி நிறுத்தினால் விளம்பரமாகிவிடும். அதே கார், காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கண்டு, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாலையில் திடீரென்று பிரேக் பிடித்தது. பின்னால் வந்த பெண்மணி விழிப்பாக இருந்ததால் எங்கள் பம்பர் தப்பித்தது. காரணமில்லாத தயக்கமும் ஓர் ஆபத்துதான். தானியங்கி கார்கள் சிக்கும் மோதல்களில் பெரும்பகுதி, அவை நிற்கும்போதோ வேகம் குறைக்கும்போதோ பின்னால் வரும் மனிதர்கள் வந்து இடிப்பவை என்பது கலிபோர்னியாவில் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் விபத்து அறிக்கைகளைப் புரட்டினால் தெரியும். சட்டப்படி தவறு பெரும்பாலும் பின்னால் வந்தவருடையது. ஆனால் கழுத்து வலி இரண்டு வண்டியிலும் இருப்பவர்களுக்கு வரும்.

‘சும்மா உட்காரும் வேலை’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரு கைகளும் ஸ்டியரிங் வளையத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். வலது கால், பிரேக் மிதியை அழுத்தாமல் அதன் மேலேயே நிற்க வேண்டும். நாமே ஓட்டும்போது அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது நமக்குத் தெரியும். இங்கே சாலையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதோடு, நாம் அமர்ந்திருக்கும் கார் என்ன செய்யும் என்பதையும் சேர்த்து ஊகிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து இறங்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். காரை நம் கட்டுப்பாட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தைச் சில சொற்களில் பதிவு செய்ய வேண்டும். அப்படிக் குறுக்கிடுவது அதிகமானால் ‘பதற்றக்காரர்’ என்றார் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர்; குறைந்தால் ‘கவனம் இருக்கிறதா’ என்று கேட்டார். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது போலத்தான் எங்கள் நிலைமை. இப்படிப் பிறந்த எண்களைக் கூட்டி, ‘இத்தனை மைலுக்கு ஒரு குறுக்கீடு’ என்று பத்திரிகைகள் நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தயவுசெய்து அந்த எண்ணை வைத்துப் பாதுகாப்பை அளக்காதீர்கள். எளிய சாலைகளில் மட்டும் ஓட்டினாலே அது அழகாகிவிடும்.

அந்த நண்பர் மனத்தில் வைத்து எழுதியது 2018 மார்ச் 18 இரவு, சாண்ட்லருக்குப் பக்கத்து ஊரான டெம்பேயில் ஊபரின் சோதனைக் கார் மோதி ஒரு பெண் இறந்த நிகழ்வாகத்தான் இருக்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டுநர் கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது உண்மை. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 2019இல் அதையே முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. ஆனால் அதே அறிக்கையில் உள்ள மற்றவற்றையும் படிக்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த அந்தப் பெண்ணை, மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே காரின் கருவிகள் கண்டுவிட்டன. வாகனம், சைக்கிள், வேறு ஏதோ பொருள் என்று மென்பொருள் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை வகை மாறும்போதும் அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் கொள்ளாமல் விட்டது. பாதசாரிகள் கடப்பதற்கான கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளுக்குக் கற்பிக்கப்படவில்லை. கார் தயாரித்த வால்வோவின் சொந்த அவசர பிரேக், தானியங்கி முறையில் ஓடும்போது செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. காரில் முன்பு இருவர் அமர்ந்தார்கள். சில மாதங்களுக்கு முன் அதை ஒருவராகக் குறைத்தது நிறுவனம். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019இல் அறிவித்தார். ஓட்டுநர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். எங்களைப் போன்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

இனி எண்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போது ஏறத்தாழ பத்துக் கோடி மைலுக்கு ஓர் உயிரிழப்பு நேர்கிறது. அதனால் உயிரிழப்பை எண்ணி ஒரு காரை மதிப்பிட முயன்றால் காலம் போய்விடும். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் இதைக் கணக்கிட்டது: மனிதரைவிடத் தாழ்ந்ததல்ல என்று நம்பத்தகுந்த அளவில் காட்டவே, ஓர் உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும். நூறு கார்கள் இரவும் பகலும் ஓடினாலும் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். ஆகவே காயம் பட்ட விபத்துகளையும் காப்பீட்டுக் கோரிக்கைகளையும் பார்ப்பதுதான் நடைமுறைக்கு உகந்த வழி. சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனமும் வேமோவும் சேர்ந்து 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநரின்றி ஓடிய 2.53 கோடி மைலில், மனிதர்களோடு ஒப்பிட உடற்காயக் கோரிக்கைகள் 92 சதவீதமும் பொருட்சேதக் கோரிக்கைகள் 88 சதவீதமும் குறைவாக இருந்தன. நிறுவனமே பங்கேற்ற ஆய்வு என்ற குறையை நான் மறைக்கவில்லை. ஆனாலும் காப்பீட்டுக்காரர் பணம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர். அவர் கணக்குக்கு என்னிடம் சற்றுக் கூடுதல் மதிப்பு உண்டு. அந்த மைல்கள் சில குறிப்பிட்ட நகரங்களின் மைல்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. பனி கொட்டும் ஊருக்கு அவற்றைக் கொண்டுபோய்ப் பொருத்த முடியாது.

‘சராசரி ஓட்டுநரைவிட மேல்’ என்பதிலும் எனக்கு முழு நிறைவு இல்லை. அந்தச் சராசரியில் குடித்துவிட்டு ஓட்டுபவரும், கைபேசி பார்த்துக்கொண்டு ஓட்டுபவரும் சேர்த்தி. பிரிட்டன் 2024இல் கொண்டுவந்த தானியங்கி வாகனச் சட்டம், கவனமும் தகுதியும் உள்ள மனித ஓட்டுநரின் தரத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. உங்களை யார் காரில் ஏற்றிச் சென்றாலும் நீங்கள் எதிர்பார்ப்பது அந்தத் தரத்தைத்தானே.

சூழ்நிலைகளைப் பார்க்க வேண்டும் என்று ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்தக் கார்கள் சறுக்கும் இடங்கள் மனிதர் சறுக்கும் இடங்கள் அல்ல. 2023 டிசம்பரில் இங்கே பீனிக்ஸில், கொக்கி போட்டுப் பின்பக்கமாகக் கோணலாக இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பிக்கப் வண்டியை வேமோ கார் ஒன்று உரசியது. சில நிமிடங்களில் இன்னொரு வேமோ காரும் அதே வண்டியை அதே விதமாக உரசியது. எந்தத் திசையில் அந்த வண்டி நகரும் என்ற கணிப்பில் இரண்டுக்கும் ஒரே பிழை. மனிதர் இருவர் அடுத்தடுத்து அப்படிச் செய்வது அபூர்வம். மறுபக்கம், மென்பொருள் திருத்தப்பட்டதும் சில வாரங்களில் எல்லாக் கார்களும் திருந்தின. 2024 பிப்ரவரியில், குறையுள்ள அந்த மென்பொருளை முறைப்படி திரும்பப் பெறும் அறிவிப்பும் வந்தது. நின்றிருக்கும் பள்ளிப் பேருந்தைக் கடந்து சென்ற சிக்கலுக்காக 2025 டிசம்பரில் மீண்டும் ஓர் அறிவிப்பு வந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்க நிற்கும் பள்ளிப் பேருந்தைக் கடக்கக் கூடாது என்பது இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி என்பதால், அதை இலேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதைவிட மோசமானது சான் பிரான்சிஸ்கோவில் 2023 அக்டோபர் 2 அன்று நடந்தது. மனிதர் ஓட்டிய கார் இடித்ததில் தூக்கி எறியப்பட்ட பெண் ஒருவர் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத டாக்சிக்கு முன் விழுந்தார். டாக்சி பிரேக் பிடித்தும் அவர் மீது ஏறியது. அதுவரை எந்த ஓட்டுநருக்கும் நேரக்கூடியது. அதன் பிறகு, சாலையோரம் ஒதுங்க வேண்டும் என்று முடிவெடுத்து, அடியில் மனிதர் இருப்பது தெரியாமல் ஏறத்தாழ இருபது அடி இழுத்துச் சென்றது. மூன்று வாரங்களில் கலிபோர்னியா மாநில அரசு அந்த நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்தியது. விசாரணைக்குப் பொய்யான அறிக்கை தந்ததை நிறுவனம் 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டது. என் மதிப்பீட்டில் ஒரு நிறுவனத்துக்கு நான் போடும் மதிப்பெண்ணில் பாதி, விபத்துக்குப் பிறகு அது எவ்வளவு உண்மையைச் சொல்கிறது என்பதற்குத்தான்.

சரி, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் எதைக் கவனிப்பது? நிறுத்தி வைத்த சரக்கு வண்டியைக் கடக்கும்போது, யாரும் கண்ணில் படாத நிலையிலும் கார் வேகத்தைக் குறைத்து, சற்று விலகிப் போகிறதா என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் என்ன செய்கிறது, சாலைப் பணியாளர் பலகை காட்டினால் என்ன செய்கிறது என்று பாருங்கள். குலுக்கல் இல்லாமல் ஓடுவதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையில் இது ஓடுமா என்று கருத்துப் பகுதியில் யாராவது கேட்பார்கள். பீனிக்ஸில் ஓடியதை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன்.

இந்த ஊரில், பகலில், நகரச் சாலைகளில் என் பெற்றோரை அதில் அனுப்புவேனா என்றால் அனுப்புவேன், அனுப்பியும் இருக்கிறேன். பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்வேன். இறங்கும்போது பின்னால் சைக்கிள் வருகிறதா என்று திரும்பிப் பார்த்த பிறகே கதவைத் திறக்கச் சொல்வேன். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. கார் சில நேரங்களில் கடை வாசலில் நிற்காமல், தனக்கு வசதியான இடம் என்று பார்க்கிங்கின் அந்தக் கோடியில் இறக்கிவிடுகிறது. ஜூன் மாத வெயிலில் 43 டிகிரியில் அங்கிருந்து நடக்க வேண்டும் என்பதால், கோடைக்காலத்தில் மட்டும் நானே கொண்டுபோய் விடுகிறேன்.