எல்லாமே வாயு இல்லை

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 51. மூன்று மாதமாக நெஞ்சுக்குழியில் எரிச்சலும் வலியும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது, ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அடங்கும். வீட்டில் வாயு என்கிறார்கள். சீரகத் தண்ணீர், இஞ்சிச் சாறு எல்லாம் பார்த்தாச்சு. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கலந்து தரும் பொட்டலம் மட்டும் தினம் சாப்பிடுகிறேன். புற்றுநோயாக இருக்குமோ?
வாசகி, பெகு, மியான்மர்

பதில்: அம்மா, 'மட்டும்' என்று எழுதினீர்களே, அந்தப் பொட்டலம்தான் எனக்குக் கவலை. பெயரில்லாத அந்த மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, சிலதில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் வருவதற்கு வேறு காரணமே வேண்டாம். வெறும் வயிற்றில் வலித்து, சாப்பிட்டால் அடங்குவது சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண்ணின் பழக்கம். அதனால் முதல் சந்தேகம் புண்தான், புற்றுநோய் இல்லை. ஆனால் பொட்டலத்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது. பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு காரணம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிய காலத்தில், 1984-இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும், இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து, ரெண்டு நாளில் வலி போச்சு என்று பாதியில் விடக்கூடாது. ஒமிப்ரசோல் என்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தினால்தான் முடிவு சரியாக வரும், அதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

கொழுப்பு சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஸ்கேனில் தெரியும். முதுகுக்குப் பாய்ந்து, முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும் வலி கணையத்தினுடையது, குடிப்பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கணும்.

மொகிங்காவை (மீன் குழம்பில் போடும் அரிசி நூடுல்ஸ்) விட வேண்டாம் அம்மா, காரத்தைக் குறைத்தால் போதும், வெற்றிலை புகையிலை இருந்தால் விட்டுவிடுங்கள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகச் சின்னக் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது) போடச் சொன்னால் பயப்படாதீர்கள், சில நிமிட வேலைதான்.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்), ரத்த வாந்தி வந்தாலோ, வயிறு பலகை மாதிரி இறுகி வலித்தாலோ, வலியோடு வியர்த்து மூச்சு வாங்கினாலோ (இது மாரடைப்பாகவும் இருக்கலாம்), விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.