2.4 கி.மீ. ஓட்டத் தேர்வுக்கு வேகப் பயிற்சியை எப்படிச் சேர்ப்பது? 13:10-க்குக் கீழே போகவே மாட்டேன் என்கிறது

கேள்வியில் நீங்கள் சொன்னவை: 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 8 வாரம் இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் ஓடுகிறீர்கள், நேரம் மட்டும் நகரவில்லை.

2.4 கி.மீ. என்பது 400 மீட்டர் ட்ராக்கில் சரியாக 6 சுற்று. இப்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2:12 எடுக்கிறீர்கள், வேண்டியது 2:00. இனி கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட்டு இந்த 2:00-ஐ மட்டும் மனதில் வையுங்கள்.

தினமும் ஒரே வேகத்தில் ஓடுவதுதான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. அது ரெண்டுங்கெட்டான் வேகம். கால் தேறி வருவதற்கு அது அதிகம், 2:00 வேகத்தைப் பழகுவதற்கு அது போதாது. வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் போதும். ஒரு நாள் இன்டர்வெல் (இடையிடையே ஓய்வு விட்டு வேகமாக ஓடுவது), ஒரு நாள் டெம்போ (சற்றுக் கடினமான ஒரே வேகத்தில் நிற்காமல் ஓடுவது), மற்ற இரண்டு நாளும் 30 முதல் 40 நிமிடம் மெதுவோட்டம். மெதுவோட்டம் என்றால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் அல்லது அதற்கும் மெதுவாக வரும். கூச்சமாக இருந்தாலும் அப்படித்தான் ஓட வேண்டும். இன்டர்வெலையும் டெம்போவையும் அடுத்தடுத்த நாள்களில் வைக்காதீர்கள்.

வேகப் பயிற்சி என்றதும் பலர் 100 மீட்டரைத் தலைதெறிக்க ஓடிப் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். 12 நிமிட ஓட்டத்துக்கான சக்தியில் பெரும்பகுதி ஆக்சிஜனை நம்பித்தான் வருகிறது. முழு வேக ஸ்பிரின்ட் அதற்கு அவ்வளவாக உதவாது. தேர்வு வேகத்தில் ஓடும் மொத்தத் தூரத்தைக் கூட்டுவதும் இடை ஓய்வைக் குறைப்பதும்தான் வேலை.

முதல் வாரம் 200 மீட்டர் 8 தடவை, ஒவ்வொன்றும் 60 விநாடி, இடையில் 200 மீட்டர் நடை. சுலபமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். 2 முதல் 4-ஆம் வாரம் வரை 400 மீட்டர் 6 தடவை, ஒவ்வொன்றும் 2:00. இடை ஓய்வு முதலில் 2 நிமிடம், அடுத்த வாரம் 1:45, அதற்கடுத்த வாரம் 1:30. ஓய்வில் உட்காராமல் நடங்கள். ஓய்வு குறைந்தும் சுற்று நேரம் மாறவில்லை என்றால் முன்னேறுகிறீர்கள் என்று அர்த்தம். சுற்றை 1:50-க்கு இறக்கிப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரின் நான்கு சுற்றுகளைப் பாருங்கள். ஒருவர் 1:59, 2:00, 1:59, 1:58. இன்னொருவர் 1:50, 1:54, 2:03, 2:09. இருவருக்கும் சராசரி 1:59-தான். ஆனால் இரண்டாமவர் பழகியது வேகமாகத் தொடங்கிச் சரிவதை; தேர்விலும் அதையே செய்வார். ஒரு சுற்று இலக்கைவிட 4 விநாடிக்கு மேல் தாமதமானால் அன்றைய பயிற்சியை அங்கேயே முடித்துவிடுங்கள். இழுத்துப் பிடித்து ஓடும் மிச்சச் சுற்றுகளால் காயத்தைத் தவிர எதுவும் வராது.

5-ஆம் வாரத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை முழு 2.4 கி.மீ. சோதனை ஓட்டம். வாரா வாரம் சோதித்துப் பார்க்காதீர்கள், அது பயிற்சி நாளைத் தின்றுவிடும். 12:40-க்கு அருகில் வந்திருந்தால் அந்த வாரமும் அடுத்த வாரமும் 800 மீட்டர் 3 தடவை, ஒவ்வொன்றும் 4:00, இடையில் 2:30 ஓய்வு. 13 நிமிடத்திலேயே நின்றால் 800-ஐ 4:08-இல் ஓடுங்கள். எட்டாத வேகத்தைத் துரத்த வேண்டாம். 7-ஆம் வாரம் 1200 மீட்டரை 6:00-இல் முடித்து, 4 நிமிட ஓய்வுக்குப் பின் 400 மீட்டர் 3 தடவை.

டெம்போ நாளில் சுற்றுக்கு 2:25 வேகத்தில் 15 நிமிடம் தொடங்கி, மெல்ல 20 நிமிடம் வரை. மூச்சு வாங்கும், ஆனால் நாலைந்து சொல் பேச முடியும். அதைக்கூடப் பேச முடியாவிட்டால் அதிகமாகப் போகிறீர்கள்.

வார்ம் அப் இல்லாமல் இன்டர்வெல் வேண்டாம். 10 நிமிட ஜாகிங், கால்களை முன்னும் பின்னும் வீசுதல், பிறகு 80 மீட்டர் தூரத்துக்கு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி நான்கு ஓட்டம். அசையாமல் பிடித்து நிற்கும் நீட்டல்களை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் சேர்த்த இரண்டு மூன்று வாரத்தில் கணைக்கால் எலும்பின் உட்பக்கம் வலிப்பது சகஜம். எலும்பின் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் சில நாள் ஓட்டத்தைக் குறைத்து, ட்ராக்கை விட்டு மண்தரையில் ஓடுங்கள். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீரென்று வலிக்கிறது, சும்மா இருக்கும்போதும் வலிக்கிறது என்றால் ஓடுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சம்பாதிக்க முடியாது. தேர்வுக்கு 5 நாள் முன்பு 400 மீட்டர் 3 தடவை, 2 நாள் முன்பு 20 நிமிட மெதுவோட்டம், முந்தைய நாள் ஓய்வு. புது ஷூவை அன்றைக்குப் போடாதீர்கள்.

தேர்வில் முதல் சுற்று 2:00 என்பது தூங்கி வழிவது போல இருக்கும், சுற்றிலும் எல்லாரும் பாய்ந்திருப்பார்கள். விடுங்கள். உண்மையான சோதனை 4-ஆம் சுற்று. அங்கேதான் நேரம் கசியும். அதில் மட்டும் வேகம் கூட்டுவது போல நினைத்து ஓடினால்தான் 2:00 நிற்கும். மிச்சமிருப்பதைக் கடைசி 300 மீட்டரில் செலவழியுங்கள்.

இன்னொன்று, உள்பக்கத்து முதல் தடத்தை விடாதீர்கள். இரண்டாம் தடத்தில் ஒரு சுற்றுக்கு 7 மீட்டருக்கு மேல் கூடுதல். 6 சுற்றுக்கு அது சுமார் 42 மீட்டர், உங்கள் வேகத்தில் சுமார் 13 விநாடி. யாரையாவது முந்த வேண்டுமென்றால் வளைவில் வெளியே போகாமல் நேர்ப்பகுதி வரும் வரை பின்னாலேயே ஓடி, அங்கே முந்துங்கள்.