செவ்வாயிலிருந்து கிருமி வந்திருக்குமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: பூமியில் உயிர் செவ்வாயிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்களே, ஒரு பாக்டீரியா அவ்வளவு தூரம் எப்படி சார் வரும்?

கல்லுக்குள் உட்கார்ந்துதான். பெரிய விண்கல் ஏதாவது செவ்வாயில் மோதினால் அங்குள்ள பாறை தெறிக்கும், நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிட்டால் கிரகத்தை விட்டே கிளம்பிவிடும். (பூமியிலிருந்து தப்ப 11.2 வேண்டும், அதனால் அங்கிருந்து இங்கே வருவதுதான் சுலபம்.) 1984இல் அண்டார்க்டிகாவின் ஆலன் ஹில்ஸில் எடுத்த ஏறக்குறைய 2 கிலோ கல் அப்படி வந்ததுதான்: சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு, 13,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே விழுந்தது. அதன் காந்தத்தன்மையை ஆராய்ந்தவர்கள், வந்த வழியில் உள்பகுதி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டவேயில்லை என்று 2000இல் சொன்னார்கள். வேலூர் மே மாத வெயில் இதைவிட மோசம்.

கேள்வி: அந்தக் கல்லில்தானே புழு மாதிரி ஏதோ இருந்ததாகச் சொன்னார்கள்?

ஆமாம், 1996இல். அதிபர் கிளின்டனே அதைப் பற்றிப் பேசினார். பிறகு, காட்டிய தடயங்கள் உயிர் இல்லாமலும் உருவாகக்கூடியவை என்று தெரியவந்தது. இன்று பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்பதில்லை.

கேள்வி: கல் சரி அண்ணா, கிருமி வழியிலேயே செத்துப்போகாதா?

தனியாக வந்தால் புற ஊதாக் கதிரே கொன்றுவிடும். ஜப்பானியர்கள் 'டான்போபோ' என்ற சோதனையில் டெய்னோகாக்கஸ் பாக்டீரியாவைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று ஆண்டு வரை வைத்துப் பார்த்தார்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் கனமாக அப்பிக்கிடந்த கூட்டங்களில் மேலே இருந்தவை செத்து, உள்ளே இருந்தவற்றுக்குக் கூரையாகிவிட்டன, அவை பிழைத்தன. ஆனால் மூன்று ஆண்டு எங்கே, 1.6 கோடி ஆண்டு எங்கே! மிகச் சில கற்கள் மட்டும் சில ஆண்டுகளிலேயே வந்து சேரலாம் என்கின்றன கணினிக் கணக்குகள். நம்பிக்கை வைப்பதென்றால் அவற்றின் மேல்தான்.

கேள்வி: 2001 கேரளச் சிவப்பு மழை?

அந்த மழைக்குச் சிவப்பு நிறம் தந்தது பாசி. அதிலிருந்த துகள்களைக் கோட்டயத்தில் இரண்டு ஆய்வாளர்கள் விண்வெளி உயிரணு என்றார்கள், அரசு கேட்டு நடந்த ஆய்வில் அது டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்து என்று தெரிந்தது. கொழும்பில் பிறந்த விஞ்ஞானி சந்திரா விக்கிரமசிங்க, பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாயிலோடு சேர்ந்து உயிர் விண்ணிலிருந்து வந்தது என்று வாதாடியவர், இதையும் ஆதரித்தார். எனக்கு அவர் விடாப்பிடி பிடிக்கும், முடிவுகள் பிடிக்காது.

கேள்வி: இஸ்ரோ பலூன்?

ஐதராபாத்திலிருந்து விட்டது. 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்தில் பிடித்த காற்றில் மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்ததாக 2009இல் அறிவித்தார்கள், ஒன்றுக்கு ஹாயில் பெயர். வேற்றுலகிலிருந்து வந்தது என்பதற்கு இது உறுதியான சான்றில்லை என்று இஸ்ரோவே சொல்லிவிட்டது. கீழிருந்து மேலே போயிருக்கலாமே!

கேள்வி: சரி, நீங்கள் எந்தக் கட்சி?

செவ்வாய் என்றால் 'நடந்திருக்கலாம்' கட்சி, வேறு நட்சத்திரம் என்றால் இல்லை, தூரம் அப்படி. அப்படியே வந்திருந்தாலும், செவ்வாயில் அது எப்படி உண்டானது என்பது பாக்கிதான். செவ்வாயில் ஒரு கிருமி கிடைத்து அதன் மரபுக்குறியீடும் நம்முடையது போலவே இருந்தால் சொந்தக்காரன் என்று நினைக்கலாம், ஆனால் அதற்கு முன் அது நம் விண்கலத்தில் ஒட்டிக்கொண்டு போன கிருமியா என்று பார்த்தாக வேண்டும்.