அம்பிளிபயருக்கு முதல் காதைப் பாருங்கள்: இயர்போன், ஹெட்போன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டிருப்பது ஒன்றுதான்: அம்பிளிபயர் வாங்கவேண்டுமா? சிலருக்கு வேண்டும், பலருக்கு வேண்டாம். ஆள் எதை, எதில் குத்தி, எங்கே இருந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கேள்வி: பிரான்சில இருக்கிற அண்ணா சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போனும் அப்பிள் டொங்கிளும் கொண்டுவந்து தந்தார். என்ர அண்ட்ரொயிட் போனில குத்தினால் சத்தம் காணாது. அம்பிளிபயர் இல்லாமல் இது சரிவராது எண்டு எல்லாரும் சொல்லீனம். விலையைக் கேட்டால் தலை சுத்துது. என்ன செய்யலாம்? (கொக்குவில்)

பதில்: காசை எடுக்க முன்னம் கணக்கைப் பார்ப்போம். எச்.டி. 600 1997 இல் வந்தது. மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடங்கல் 300 ஓம். ஒரு மில்லிவாற் வலு கொடுத்தால் ஏறத்தாழ 97 டெசிபெல் சத்தம் தரும். வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் பிரித்தால் வலு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1 வோல்ற் கொடுத்தால் 3.3 மில்லிவாற். அது 97 இற்கு மேலே இன்னும் 5 டெசிபெல்லைக் கூட்டும். ஆக உச்சத்தில் 102 டெசிபெல். வீட்டில் கேட்கும் அநேகருக்கு இது போதும்.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் காணாது? இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுமே ஹெட்போனில் இல்லை. டொங்கிள் என்பது போனின் யூ.எஸ்.பி. துளையில் குத்தி ஹெட்போனை மாட்டும் சின்ன வயர். அப்பிள் டொங்கிளில் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவில் விற்பது 1 வோல்ற் வரை தரும். ஐரோப்பாவில் விற்பது, அங்குள்ள ஒலியளவுக் கட்டுப்பாட்டால், 0.5 வோல்ற்தான் தரும். வெளிநாட்டு உறவுகள் கொண்டுவருகிற பொருளில் இது கவனிக்கவேண்டிய விஷயம். கனடாவில் இருந்து வந்ததும் பிரான்சில் இருந்து வந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மிகச்சின்ன எழுத்தில் மாதிரி எண் போட்டிருப்பார்கள். ஏ2049 என்றால் 1 வோல்ற், ஏ2155 என்றால் பாதி. வோல்ற்றளவு பாதியானால் 6 டெசிபெல் குறையும்.

மற்றது உங்கள் போன். பல அண்ட்ரொயிட் போன்களில் இந்த டொங்கிளின் உள்ளே இருக்கும் ஒலியளவு முழுதாக ஏறாது. நீங்கள் திரையில் உச்சத்துக்குத் தள்ளினாலும் டொங்கிள் கீழேயே நிற்கும். அதே டொங்கிளை ஒரு லப்ரொப்பில் குத்திக் கேளுங்கள். அங்கே சத்தம் கூடினால் குற்றவாளி போன்தான். யூ.எஸ்.பி. ஓடியோ பிளேயர் புரோ போல டொங்கிளை நேரடியாகக் கையாளும் செயலி ஒன்றைப் போட்டால் அந்தச் செயலிக்குள் இது சரியாகும். யூரியூப்பில் கேட்பதற்கு அது உதவாது.

இதற்குப் பிறகும் காணாவிட்டால், 2 வோல்ற் தருவதாக விவரத்தில் எழுதியிருக்கும் வேறொரு டொங்கிள் வாங்குங்கள். இப்போதுள்ளதைவிட 12 டெசிபெல் மேலே போகும். மேசை அம்பிளிபயர் விலையில் சிறு பங்குதான் வரும்.

ஓம் கூடினால் அம்பிளிபயர் வேண்டும், குறைந்தால் வேண்டாம் என்று சொல்வதை நம்பவேண்டாம். ஹைஃபைமான் எச்.ஈ. 400எஸ்.ஈ போன்ற பிளேனர் (தட்டையான சவ்வுள்ள) ஹெட்போன்களில் ஓம் குறைவு, உணர்திறனும், அதாவது ஒரு மில்லிவாற்றுக்குத் தரும் சத்தமும், குறைவு. அவை வோல்ற்றளவைவிட மின்னோட்டத்தைத்தான் கூடக் கேட்கும். அங்கே சின்ன டொங்கிள் மூச்சு வாங்கும். நல்ல அம்பிளிபயருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. பெட்டியில் ஓமை மட்டும் பார்க்காதீர்கள், உணர்திறனையும் பாருங்கள்.

இன்னொன்று. எச்.டி. 600 முதுகு திறந்த ஹெட்போன். மின்விசிறி சுற்றுகிற அறையில் அந்தச் சத்தம் முழுக்க உள்ளே வரும், நீங்களும் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். "காணாது" என்ற குறையில் பாதி அப்போதே தீரலாம்.

கேள்வி: தவில் பழகுகிறேன். பழைய மேளக்கச்சேரி ஒலிப்பதிவுகளைக் கேட்டுத்தான் பாடம் பண்ணுகிறேன். இப்போதிருக்கிற இயர்போனில் தவில் 'தொம்' என்று மட்டும் கேட்கிறது, நாதஸ்வரம் காதைக் குத்துகிறது. எங்கள் இசைக்கு ஏற்ற இயர்போன் எது? (இணுவில்)

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இயர்போன் விமர்சனங்கள் பெரும்பாலும் மேற்கத்திய ரொக், ஜாஸ் இசையை வைத்து எழுதப்படுகின்றன. அவற்றில் வரும் "நல்ல பேஸ்" என்ற பாராட்டு தவிலுக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை.

தவிலின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நினைத்துப் பாருங்கள். தொப்பி எனும் இடப்பக்கத்தில் கழி விழும்போது வருவது தாழ்ந்த மீடிறன். வலந்தலை எனும் வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள் விழும்போது வருவது கூர்மையான, சட்டென்று எழுந்து அடங்கும் ஒலி. பேஸைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்த இயர்போனில் தொப்பியின் அதிர்வு நீண்டு, வலந்தலைச் சொற்களை மூடிவிடும். வேகமான கோர்வை ஒன்றில் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறதா என்பதுதான் உங்களுக்கான பரீட்சை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் ஒலிப்பதிவு ஏதாவது உங்களிடம் கட்டாயம் இருக்கும். மேற்காலத்தில் அவர் வாசிக்கும் இடத்தை எடுத்து, வாங்க நினைக்கும் இயர்போனில் போட்டுக் கேளுங்கள். நீங்கள் வாயால் சொல்லிப் பழகிய சொற்கட்டு அங்கே எழுத்தெழுத்தாக விளங்கினால் அது உங்களுக்குரிய இயர்போன், விலை என்னவாக இருந்தாலும்.

நாதஸ்வரம் குத்துவதற்குக் காரணம் வேறு. எங்கள் காதின் துவாரமே 3,000 ஹேர்ட்ஸ் அளவில் ஒலியை இயல்பாக உயர்த்தித் தரும். இயர்போன் துவாரத்தை அடைத்துவிடுவதால் அந்த இயல்பு கெட்டுப்போகிறது, அதை ஈடுசெய்ய, இயர்போன் செய்கிறவர்கள் அந்த இடத்தில் ஒலியை ஏற்றி வைக்கிறார்கள். நாதஸ்வரத்தின் மேற்சுரங்களும் அந்தப் பகுதியில்தான் செறிவாக இருக்கின்றன. ஏற்றியது கொஞ்சம் கூடிப்போனாலும் நாயனம் ஊசியாகிவிடும். அதே இயர்போனில் சினிமாப் பாட்டு நன்றாகவே கேட்கும். புதிது வாங்க முன்னம் ஈக்வலைசர் செயலி ஒன்றில் 3,000 ஹேர்ட்ஸை மையமாக வைத்து 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். 100 ஹேர்ட்ஸிற்குக் கீழே இன்னொரு 3 டெசிபெல் குறையுங்கள். தவிலும் நாயனமும் தத்தம் இடத்துக்கு வருவதை உடனே உணர்வீர்கள்.

கட்டாயம் வாங்கத்தான் வேண்டுமென்றால் 7ஹேர்ட்ஸ் சால்நோட்ஸ் சீரோ போன்ற, பேஸை அளவோடு வைத்த மலிவான இயர்போன் போதும். அம்பிளிபயர் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மைக்கை நாதஸ்வரத்தின் வாயருகே பிடித்துப் பதிந்த திருவிழா ஒலிநாடாக்களில் ஒலி பதிவாகும்போதே கிழிந்துபோயிருக்கும். அதை எந்த இயர்போனும் தைக்காது. உயர்ந்த இயர்போன் அந்தக் கிழிசலை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கம்பஸ் பிள்ளைகள் எல்லாரும் புகழ்கிற இயர்போன் ஒன்றை வாங்கினேன். பேஸ் துளியும் இல்லை. பழுதா? (திருநெல்வேலி)

பதில்: அநேகமாகப் பழுதில்லை, தங்கச்சி. ரப்பர் முனை உங்கள் காதுக்குச் சின்னதாக இருக்கும். காதுக்கும் முனைக்கும் இடையில் நூலளவு இடைவெளி இருந்தாலே தாழ்ந்த மீடிறன் வெளியே கசிந்துவிடும். பெட்டிக்குள் கிடக்கும் பெரிய முனையை மாட்டுங்கள். ஒரு கையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு இயர்போனை உள்ளே விடுங்கள். வலதுக்கு ஒரு அளவும் இடதுக்கு ஒரு அளவும் தேவைப்படுவது சாதாரணம்.

கேள்வி: 100 மணித்தியாலம் ஓடவிட்டால்தான் ஹெட்போன் பதப்படும் என்கிறார்களே? (மானிப்பாய்)

பதில்: பதப்படுவது பெரும்பாலும் உங்கள் காதும் ஹெட்போனின் மெத்தையும். மெத்தை தலைக்கு ஏற்பப் படியும்போது ஒலி கொஞ்சம் மாறும். முதல் நாளே பிடிக்காத ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடியும்வரை ஓடவிட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. எந்த இயர்போன் வாங்கினாலும் கொஞ்சக் காலத்தில் ஒரு பக்கம் சத்தம் குறைகிறது. ஒன்றின் வயர் பச்சை நிறமாகிவிட்டது. (பருத்தித்துறை)

பதில்: இரண்டு வேறு விஷயங்கள். பச்சை நிறம் செப்புக் கம்பி வியர்வையோடும் காற்றோடும் சேர்ந்து மாறுவதால் வருவது. பார்க்க அழகில்லை, ஒலிக்குப் பெரும்பாலும் கெடுதலில்லை. கழற்றி மாட்டும் வயர் உள்ள இயர்போன் என்றால் வயரின் முனையிலுள்ள இரண்டு ஊசிகளில் உப்புக்காற்றும் வியர்வையும் பட்டுக் கறல் பிடிக்கும். அதுதான் சத்தம் விட்டுவிட்டு வருவதற்குக் காரணம். தூய ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் ஊசிகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

சத்தம் விட்டுவிட்டு வராமல் மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் முனையைக் கழற்றி மூக்குப் பகுதியிலுள்ள வலையை வெளிச்சத்தில் பாருங்கள். காதுக்குறும்பி அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஊசியால் குத்தவேண்டாம், உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு. இரவில் இயர்போனை மூடியுள்ள போத்தல் ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வருவதை எறியாமல் சேர்த்தாலே போதும்.

கேள்வி: லப்ரொப்பைச் சார்ஜில போட்டுக்கொண்டு மேசை அம்பிளிபயரில பாட்டுக் கேட்டால் அடியில 'ம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல். சார்ஜரைக் கழட்டினால் இல்லை. அம்பிளிபயரை மாத்தவேணுமோ? (சாவகச்சேரி)

பதில்: மாற்றவேண்டாம். லப்ரொப்பும் அம்பிளிபயரும் தனித்தனியே சுவர் மின்சாரத்தில் இருக்கின்றன, யூ.எஸ்.பி. வயர் இரண்டையும் மூன்றாவது வழியால் இணைக்கிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இரைச்சலாகக் கேட்கிறது. முதலில் இரண்டையும் ஒரே மல்ரி பிளக்கில் குத்திப் பாருங்கள். பலருக்கு இதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் யூ.எஸ்.பி. ஐசொலேற்றர் (இரண்டுக்கும் இடையிலான மின்தொடர்பைப் பிரிக்கும் சின்னக் கருவி) ஒன்றை இடையில் போடலாம், அல்லது கேட்கும் நேரத்தில் லப்ரொப்பைப் பற்றரியில் விடலாம்.

லப்ரொப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் ஊருவதுபோல இருக்கிறதா? அப்படியென்றால் மூன்று ஊசிச் சார்ஜரை இரண்டு ஊசி அடப்ரர் வழியாகக் குத்தியிருக்கக்கூடும், அல்லது வீட்டு எர்த் சரியில்லாமல் இருக்கலாம். மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் ஊசியை வெட்டச் சொல்லும் ஆலோசனையை ஒருபோதும் கேட்காதீர்கள். 230 வோல்ற்றோடு தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடக்கூடாது.

கேள்வி: 4.4 மில்லிமீற்றர் பலன்ஸ்ட் துளையில் குத்தினால் ஒலி உயருமா? எல்டாக் புளூரூத் வயருக்குச் சமமா? (நல்லூர்)

பதில்: பலன்ஸ்ட் துளையில் (இடதுக்கும் வலதுக்கும் முற்றிலும் தனித்தனி வயர் போகும் துளை) அதே டொங்கிள் இரண்டு மடங்கு வரை வோல்ற்றளவு தரும். அதாவது 6 டெசிபெல் கூடும். கூடச் சத்தமாகக் கேட்பதைத்தான் பலர் தரம் என்று நினைக்கிறார்கள். சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேட்டால் இயர்போனில் வித்தியாசம் காண்பது கடினம். எல்டாக் என்பது புளூரூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, அதாவது கொடெக். அது உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிற், சீடி 1,411. ஆனால் உங்கள் புளூரூத் இயர்போனின் தரத்தை முடிவுசெய்வது அதன் உள்ளே இருக்கும் ஒலிச்சமநிலை. கொடெக் பெயருக்காக அதிகக் காசு கொடுக்கவேண்டாம்.

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான். விடிய விடிய காதில் இயர்போன். கேட்டால் 'படிக்கத்தான் அம்மா' என்கிறான். எவ்வளவு நேரம் கேட்கலாம்? (சுண்டுக்குளி)

பதில்: அம்மா, நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணித்தியாலம்தான். பத்து டெசிபெல் கூடினால் காதில் விழும் சக்தி பத்து மடங்காகிறது, அதனால் நேரம் பத்தில் ஒன்றாகிறது. உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

பறிக்கவேண்டாம். காதை நன்றாக அடைக்கும் முனை மாட்டிக் கொடுங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் அவனும் ஒலியைத் தானாகக் குறைப்பான். போனின் அமைப்புக்குள் உச்ச ஒலியளவைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் இருவரும் சேர்ந்திருந்து போடுங்கள். காதுக்குள் இரைகிறது என்றோ ஆட்கள் கதைப்பது மூடியதுபோல் கேட்கிறது என்றோ சொன்னால் தாமதிக்காமல் யாழ் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: தமிழில் இயர்போன், அம்பிளிபயர் விமர்சனம் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? (அளவெட்டி)

பதில்: செய்யுங்கள் தம்பி, ஆட்கள் வேண்டும். முதல் வேலை, ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துவது. ஒரு டெசிபெல் கூட உள்ளதை எங்கள் மனம் "தெளிவு", "விரிவு" என்று எடுத்துக்கொள்ளும். அம்பிளிபயர்களுக்கு வீட்டிலுள்ள மல்ரிமீற்றரே போதும். 50 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே வெளிவரும் ஏ.சி. வோல்ற்றளவை அளந்து, இரண்டையும் நூற்றுக்கு ஒன்று வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். சாதாரண மல்ரிமீற்றர்கள் அந்த மீடிறனில்தான் சரியாக அளக்கும். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். எங்கள் ஆட்கள் கடன்பட்டும் வாங்குகிறார்கள், அவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எந்தப் பாட்டில், எந்த நிமிடத்தில், எந்த முனை மாட்டிக் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அளவுக் கருவி வாங்கினால், மலிவாகக் கிடைக்கும் 711 வகைக் கருவிகளில் (காதுத் துவாரத்தைப் போலச் செய்த குழாயுள்ளவை) 8,000 ஹேர்ட்ஸ் அருகே வரைபடத்தில் தெரியும் முகடு பெரும்பாலும் கருவிக்குழாயின் ஒத்ததிர்வு என்பதை நினைவில் வையுங்கள். இயர்போனை எவ்வளவு ஆழமாக விட்டீர்களோ அதற்கேற்ப அந்த முகடு இடம் மாறும். அதற்கு மேலே உள்ள கோட்டை வைத்து எந்த இயர்போனையும் நல்லதென்றோ கூடாதென்றோ தீர்ப்புச் சொல்லவேண்டாம்.