கூச்சப்படாம கேளுங்க: புண்ணு ஆறிருச்சு, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 29 வயசு, மேலூர் பக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தப்ப ஒரு பொண்ணோட பழக்கம், காண்டம் போடல, நடந்து ரெண்டு மாசம் ஆச்சு. நடுவுல அந்த எடத்துல சின்னதா ஒரு புண்ணு வந்துச்சு, வலியே இல்ல, தானா ஆறிருச்சு. தை மாசம் கல்யாணம். டெஸ்ட் எடுக்கலாம்னு பாத்தா கூட்டாளி "சும்மா இரு மாப்ள, பேரு குடுத்தா ஊருக்கே தெரிஞ்சிரும்"ங்கிறான்.

பதில்: தம்பி, கூட்டாளிய விடுங்க. எனக்கு உறுத்துறதே அந்த வலியில்லாத புண்ணுதான். சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும், புண்ணு சில வாரத்துல மருந்தே போடாம ஆறிரும், நம்மாளும் சரியாப் போச்சுன்னு கோயிலுக்கு தேங்கா ஒடச்சிட்டு வந்துருவாரு, ஆனா கிருமி ரத்தத்துலயே இருக்கும், நாளைக்கு உங்க சம்சாரத்துக்கும் வயித்துல வளர்ற பிள்ளைக்கும் போகும். வி.டி.ஆர்.எல்.னு ஒரு ரத்த டெஸ்ட்ல பாத்துரலாம். ஆரம்பத்துலயே பிடிச்சா பெரும்பாலும் ஒரே தடவ பென்சிலின் ஊசியோட முடிஞ்சிரும்.

அதோட எச்.ஐ.வி., மஞ்சக்காமால பி, சி மூணும் பாத்துருங்க. எச்.ஐ.வி. தொத்துன ஒடனே டெஸ்ட்ல தெரியாது, அதனால இப்ப ஒண்ணு, சம்பவம் நடந்து மூணு மாசம் முடிஞ்சப்புறம் ஒண்ணு. ரெண்டும் தைக்கு முன்னாடியே முடிஞ்சிரும். அந்தப் பொண்ணுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க, அதுவும் பாக்கணும்ல.

மேலூர்ல தெரிஞ்ச மூஞ்சி இருக்கும்னு நெனச்சா மதுரை மாட்டுத்தாவணி வந்து டவுன் பஸ் மாறி கோரிப்பாளையத்துல எறங்குங்க. பெரியாஸ்பத்திரி கூட்டத்துல ஒங்கள எவன் பாக்கப் போறான்? நம்பிக்கை மையம்னு கேட்டாலே காட்டுவாங்க. எச்.ஐ.வி. டெஸ்ட் அங்க இலவசம், முன்னயும் பின்னயும் கவுன்சிலர் தனியா ஒக்காந்து பேசுவாங்க. சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கவும் கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லவும் கூடாதுன்னு 2017ல சட்டமே வந்துருச்சு.

கேள்வி: உசிலம்பட்டியில இருந்து எழுதுறேன்மா, 36 வயசு. வெள்ளப்படுது, வாடை, அரிப்பு. மெடிக்கல்ல மாத்திரை வாங்குனா நிக்கிது, லாரிக்குப் போன வீட்டுக்காரர் வந்துட்டுப் போனா மறுபடி வருது. சூடுங்கிறாங்க. காப்பர் டி போட்டுருக்கேன், அது காப்பாத்தாதா?

பதில்: காப்பர் டி பிள்ளைய மட்டுந்தான் தடுக்கும் தாயி, நோயத் தடுக்காது. வெள்ளப்படுறது எல்லாமே புருஷன்கிட்ட இருந்து வந்ததும் இல்ல, தயிர் மாதிரி திரிதிரியா அரிப்போட வர்றது பெரும்பாலும் பூஞ்சைதான், அதுக்காக வீட்ல சண்ட போட்டுறாதீங்க. ஆனா ட்ரைக்கோமோனாஸ்னு ஒரு கிருமி இருக்கு, அது ஆம்பளைக்குப் பெரும்பாலும் ஒண்ணுமே காட்டாது, நீங்க மட்டும் மாத்திரை சாப்புட்டா அவர் வர்றப்ப திரும்ப வரும். எதுன்னு பாக்காம மாத்திரை முழுங்காதீங்க. ஜி.எச்.ல பால்வினை நோய் பாக்குற சுகவாழ்வு மையத்துல காட்டுனா பாத்து, நோய்க்குத் தக்கன கலர் பொட்டலத்துல மருந்து தருவாங்க, தேவப்பட்டா அவருக்கும் சேத்து. முடியிற வரைக்கும் காண்டம். "சந்தேகப்படுறியா"ன்னு கேட்டா டாக்டரு சொல்லிட்டாங்கன்னு பழிய எம்மேல போடுங்க. போன கையோட கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டும் பண்ணிருங்க, 30 தாண்டுன எல்லாருக்கும் உண்டு. மருந்து தடவி ஒரு நிமிஷம் பாப்பாங்க, அம்புட்டுத்தான்.

கேள்வி: காண்டத்துல தேங்கா எண்ண தடவலாமா? கிழிஞ்சா என்ன செய்ய? (பேர் வேண்டாம், மதுரை)

பதில்: தடவக் கூடாது, எண்ண பட்டா ரப்பர் நைஞ்சு கிழியும். தண்ணி மாதிரி ஜெல் மெடிக்கல்ல இருக்கு. பர்ஸ்ல மாசக்கணக்கா வச்சு மேல ஒக்காந்ததையும் தூக்கிப் போடுங்க. கிழிஞ்சு எச்.ஐ.வி. பயம் இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போயிறணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொத்தாம இருக்க 28 நாள் மாத்திரை. ராத்திரின்னாலும் காத்திருக்காதீங்க, கேஷுவாலிட்டில சொல்லுங்க. பொதுவா சந்தேகம்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் போடுங்க, காசு கெடையாது.